பொழுதுபோக்கைப் படிக்க பட்டப்படிப்பு இருக்கா? ஒரகடம் ஷிஃப்ட் கணக்கு சொல்வது என்ன?

சினிமா பார்க்குறதுக்கும் பார்க்ல நடக்குறதுக்கும் பல்கலைக்கழகப் படிப்பா? இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 'பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுநேர ஆய்வு' என்று தனித் துறையே உண்டு. யாருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, அந்த நேரத்தில் போக இடம் இருக்கிறதா, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இந்தப் படிப்பின் அடிப்படைக் கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 8 மணி நேர ஷிஃப்ட், கம்பெனி பஸ்ஸில் போக வர 3 மணி நேரம், தூக்கம் 7, குளியல், சாப்பாடு, துணி துவைக்க 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21. கையில் மிஞ்சுவது 3 மணி நேரம். அதே ஷிஃப்ட் 12 மணி நேரமானால் கூட்டுத்தொகை 25. ஒரு நாளில் அவ்வளவு மணி நேரமே கிடையாது!

12 மணி நேர மசோதா

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 4 நாள் வேலை, 3 நாள் லீவு என்று அரசுத் தரப்பு விளக்கியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே 1-ல் மசோதா வாபஸ். தினமும் 3 மணி நேரமா, மொத்தமாக 3 நாளா, எது உண்மையான ஓய்வு? ஓய்வுநேர ஆய்வு கேட்கும் கேள்வி சாட்சாத் இதுதான்.

கேள்வியும் புதுசு இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-ல் 8 மணி நேர வேலையை முதல் உடன்படிக்கையாக்கியது. தொழிலாளர்களின் ஓய்வு நேரத்துக்கென்றே 1924-ல் தனிப் பரிந்துரை கொண்டுவந்தது.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரம் மாதிரி. லீவு நாள்ல அவ்வளவு பேரும் எங்க போவாங்க? பதில் சொல்ல, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

இங்கே எங்கு படிக்கலாம்?

இதே பெயரில் தேடினால் சிரமம். உடற்கல்வி, சமூகப் பணி, தொழிலாளர் மேலாண்மை என்ற பெயர்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒளிந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 1993-ல் தொடங்கி, 2012 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. வண்டலூர் தாண்டினால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி, ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கியது.

தொழிற்சாலை வேலைதான் குறி என்றால் தொழிலாளர் மேலாண்மைப் படிப்பைப் பார்க்கலாம். தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் அது இருக்கிறது. 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நலவாழ்வு அலுவலர் கட்டாயம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கேன்டீன், ஓய்வறை என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டிய நாற்காலி அது.