இரவுத் திருவிழாவும் பிலிமின் வேகமும்



பேராக் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். கல்யாணக் கோலம், பள்ளிப் பிள்ளைகளின் வரிசை, லயத்து வாசலில் தாத்தாவும் பாட்டியும். பெரும்பாலும் பகலில் எடுத்தவை. இல்லையேல் ஸ்டூடியோவில் எடுத்தவை. அம்மன் திருவிழாவின் இரவு ஊர்வலமும் வாணவேடிக்கையும் அவற்றில் அரிது. கையில் காசில்லாதது ஒரு காரணம். பிலிமின் வேகம் மற்றொரு காரணம்.

வேகம் என்பது ஒளியை ஏற்கும் திறன். 1838-இல் பிரெஞ்சுக்காரரான தாகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படம் பிடித்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆயின. ஆகவே நடமாடியவர்கள் பதியவில்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்து அசையாமல் நின்ற ஒருவர் தெரிகிறார். ஓடுவதைப் பிடிக்க வேகம் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

பிறகு பிலிமுக்கு எண் வந்தது. ஏ.எஸ்.ஏ. எண் இரு மடங்கானால் தேவைப்படும் ஒளி பாதியாகும். 1935-இல் வந்த கோடக்குரோம் வண்ண பிலிமின் வேகம் ஏறத்தாழ 10. 1954-இல் கோடக்கின் டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளைச் சுருள் 200 என்ற எண்ணுடன் வந்தது. 1960-இல் அளவுமுறை திருத்தப்பட்டதால் அதே பிலிம் 400 ஆயிற்று. வண்ணத்தில் 400-ஐ 1976-இல் பியூஜி நிறுவனமும், 1000-ஐ 1983-இல் கோடக்கும் தந்தன.

ஈப்போவில் தைப்பூசத்தன்று கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கிக் காவடிகள் செல்கின்றன. விளக்கொளியில் 25 வேகப் பிலிமுக்குக் கால் விநாடி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் காவடி நகர்ந்துவிடும், படம் கலங்கிவிடும். 400 வேகம் 16 மடங்கு. ஏறத்தாழ 1/60 விநாடி போதும், முகம் தெளியும். ஆனால் வேகப் பிலிமில் வெள்ளி உப்பின் மணிகள் பெரியவை. படத்தைப் பெரிதாக்கினால் பொரிபொரியாகத் தெரியும்.

வாணவேடிக்கைக்குக் கணக்கு வேறு. வாணமே ஒளி, அது வானில் தன் கோட்டைத் தானே வரைகிறது. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒளித்துளையைச் சுருக்கி, மூடியை இரண்டு மூன்று விநாடி திறந்து வைத்தால் போதும். 100 வேகமே ஏற்றது. 400 போட்டால் பூக்களின் நிறம் வெளுத்து, புகை மண்டிய வானம் சாம்பலாகும்.

வேகப் பிலிம் வந்தும் தோட்டத்து இரவு ஏன் பதியவில்லை? எளிய குடும்பத்துக்கு எட்டியது பெட்டிக் கேமரா. அதன் சிறு துளை, நல்ல கேமராவின் அகன்ற துளையைவிட ஏறத்தாழ 30 மடங்கு குறைந்த ஒளியையே உள்ளே விடும். பகல் வெயிலுக்கே அது ஏற்றது.

1950-களிலிருந்து பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதை எதிர்கொள்ளவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் பல லயங்களும் கோயில்களும் மறைந்தன. ஆகையால் பழைய நெகட்டிவ்களை ஈரம் படாமல் வையுங்கள். படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். படமில்லாத இரவுகளைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படம் இல்லை என்பதால் திருவிழா நடக்கவில்லை என்று நாளைய பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.