பொட்டி ஸ்ரீராமுலுவின் இன்னொரு உண்ணாவிரதம்

வங்கியில் வருடக் கணக்கு முடிக்கிற வேலை ஒருவழியாக ஓய்ந்தது. ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஸ்கார்பரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சரங்கம் வைத்தார்கள். எல்லாம் 14லிருந்து 17 வயது. "பிறரை ஏற்றுக்கொள்வதும் பரிவும்" என்பது தலைப்பு. நடுவராக யாரும் கிடைக்காததால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். எல்லாரும் சமம், யாரையும் ஒதுக்கக் கூடாது, யாரையும் கேலி செய்யக் கூடாது என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "அங்கிள், எல்லாரையும் ஏத்துக்கொள்றம் எண்டு சொல்றதால எங்களுக்கு என்ன செலவு? ஒண்டுமே இல்லையெண்டால் அது என்ன ஏத்துக்கொள்றது?" என்று கேட்டாள்.

வங்கிக்காரனிடம் செலவு பற்றிக் கேட்டால் விடுவானா? அன்றைக்கு நேரமில்லை. இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது நாயுடுபேட்டை. சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தடா, சூலூர்ப்பேட்டை தாண்டி வரும் ஊர். சென்னையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பக்கத்தில் சுவர்ணமுகி ஆறு, பெரும்பாலான மாதங்கள் மணல்தான். மேற்கே திரும்பினால் காளஹஸ்தி, திருப்பதி. வடக்கே போனால் கூடூர், நெல்லூர். தாத்தா அரிசி வியாபாரத்துக்காக அங்கே போய் நிலைத்துவிட்டார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. திருப்பதியில் பி.காம். அங்கே எங்களை 'அரவவாள்ளு' என்பார்கள். சென்னைக்கு வந்தால் சொந்தக்காரர்கள் 'கொல்டி' என்பார்கள். இரண்டு பக்கமும் வரவு வைத்துக்கொண்டேன் :-)

நிற்க. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு, பொட்டி ஸ்ரீராமுலு. தமிழர்களுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக. சென்னை நகரத்தையும் சேர்த்து ஆந்திர மாநிலம் வேண்டும் என்று 1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15 இரவு உயிரை விட்டவர். அதன் பிறகு கலவரம், துப்பாக்கிச் சூடு. டிசம்பர் 19இல் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். 1953 அக்டோபர் 1இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது, சென்னை இல்லாமல். நம் வீடுகளில் அவர் பெயரைச் சொன்னால் "மெட்ராஸைக் கேட்டவர்தானே" என்பதோடு முடிந்துவிடும். என் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார், அதுவும் நெல்லூர் மாவட்டத்துச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே!

அந்த 58 நாளுக்கு ஆறு வருடம் முன்னால் அவர் இருந்த உண்ணாவிரதங்களைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆந்திராவிலும் சிலை வைத்த அளவுக்கு அதைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். நான் சொல்ல வந்தது அந்த உண்ணாவிரதங்களைப் பற்றி.

ஸ்ரீராமுலு பிறந்தது சென்னையில், 1901 மார்ச் 16. வணிகர் குடும்பம், பூர்வீகம் அப்போதைய நெல்லூர் மாவட்டம். பம்பாயில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் சுகாதாரப் பொறியியல் படித்து, ஜி.ஐ.பி. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். ரயில்வே உத்தியோகம் என்றால் அந்தக் காலத்தில் பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். கல்யாணமும் ஆனது. சில வருடங்களிலேயே மனைவியையும் பச்சைக் குழந்தையையும் பறிகொடுத்தார். அப்புறம் வேலையை உதறிவிட்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போய்விட்டார். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் சிறை. அப்போது அவருக்கு வயது 29. இங்கே 29 வயதில் நம் பிள்ளைகள் முதல் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள் (அதில் தப்பொன்றும் இல்லை, அதை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது).

நெல்லூருக்கு வந்து கதர் வேலை பார்த்தார். எந்தச் சாதிக்காரர் வீட்டிலும் சாப்பிடுவார். தீண்டாமையை விடுங்கள் என்று எழுதிய அட்டையை உடம்பில் மாட்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், குடையில்லாமல் நெல்லூர்த் தெருக்களில் நடப்பார். நெல்லூர் வெயில் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும். ஊரில் பலர் அவரைப் பைத்தியம் என்றார்கள். அந்தப் பெண் கேட்ட செலவின் முதல் தவணை இதுதான் என்று நினைக்கிறேன். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தன் சனமே தன்னைப் பைத்தியம் என்று சொல்வதைத் தாங்குவது கஷ்டம்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தலித்துகளை அழைத்துக்கொண்டு போனார். அதையொட்டி அந்த வருடமே ஒரு சட்டம் வந்தது. அதன் சாரம், பக்தர்களில் பெரும்பாலோருக்கு மறுப்பில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசு ஒப்புதலோடு கோயிலைத் திறந்துவிடலாம் என்பது. 'லாம்' என்பதைக் கவனியுங்கள். வங்கிச் சுற்றறிக்கையில் 'செய்யலாம்' என்று வந்தால் எந்தக் கிளை மேலாளரும் அசைய மாட்டார். 'செய்ய வேண்டும்' என்று வந்தால்தான் கோப்பு நகரும். குருவாயூரில் இதற்கும் முன்னாலேயே, 1932இல், கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். பொன்னானி தாலுகா இந்துக்களிடம் வாக்கெடுத்துப் பார்த்ததில் பெரும்பான்மை திறக்கச் சொன்னது. ஆனாலும் அந்தக் கதவு திறக்க 1947 ஆயிற்று.

நெல்லூர் மூலப்பேட்டை வேணுகோபால சுவாமி கோயிலும் இந்த 'லாம்' கணக்கில்தான் மூடிக் கிடந்தது. 1946இல் அதை தலித்துகளுக்குத் திறக்கச் சொல்லி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 45. கிட்டத்தட்ட என் வயது. எனக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்காகப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னாலே வீட்டில் யுத்தம். கோயில் திறந்தது.

அதோடு அவர் விடவில்லை. அதே ஆண்டு நவம்பர் கடைசியில், மாகாணத்துக் கோயில்கள் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். காங்கிரஸ்காரர்களுக்குத் தர்மசங்கடம். சுதந்திரம் வாசலில் நிற்கிறது, இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. கடைசியில் காந்தியைப் பிடித்து நிறுத்தச் செய்தார்கள். காந்தி அப்போதைய சென்னை முதல்வர் பிரகாசத்துக்கு எழுதிய கடிதத்தில், இவர் உறுதியான ஊழியர், கொஞ்சம் விசித்திரமானவர் என்ற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். தன்னைப் பின்பற்றி வந்தவரை காந்தியே விசித்திரம் என்கிறார் பாருங்கள். 1947இல் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 'லாம்' போய் உரிமை ஆனது. அதற்குப் பிறகும் ஸ்ரீராமுலு ஓயவில்லை. கலெக்டர்கள் வாரத்தில் ஒரு நாளாவது தலித்துகளின் முன்னேற்ற வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போடும் வரைக்கும் போனார்.

உண்ணாவிரதத்தைப் பற்றி எனக்கு முழுச் சம்மதம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சாகிறேன், நீ மனம் மாறு என்பது ஒருவகைக் கட்டாயம்தான். 1932இல் பூனாவில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது அந்தக் கட்டாயத்தின் எடை முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது. ஆனால் மூலப்பேட்டையில் எடை விழுந்தது கதவைப் பூட்டி வைத்திருந்தவர்கள் மேல். அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

அம்பேத்கர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. 1933இல் மத்திய சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா வந்தபோது அவர் ஆதரிக்க மறுத்தார். படிப்பும் வேலையும் மரியாதையும் வரட்டும், கோயில் அப்புறம் என்பது அவர் கட்சி. நாயுடுபேட்டைப் பக்கத்தைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். எங்கள் பக்கம் யானாதிகள் என்று ஒரு பழங்குடி மக்கள். தமிழ்நாட்டு இருளர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் எலி பிடிப்பார்கள், தேன், மூலிகை எடுப்பார்கள், பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பார்கள். ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவு இருக்கிறதே, தலைமுறை தலைமுறையாக அவர்கள் இருந்த இடம் அது. 1969இல் விண்வெளித் தளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9இல் முதல் ராக்கெட் போனது. நம் எல்லாருக்கும் அந்தத் தீவின் பெயர் தெரியும், அங்கே இருந்தவர்கள் பெயர் தெரியாது.

இவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதோடு ஊர் திருப்திப்படவில்லை. ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தில் பிறந்தாலே சந்தேகப் பேர்வழி. காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், ஊர் விட்டு ஊர் போகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். யானாதிகளில் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். நெல்லூர் வழக்கறிஞர் வெண்ணெலகண்டி ராகவய்யா இவர்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ராகவய்யா 1962இல் யானாதிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1973இல் பத்மபூஷண் கிடைத்தது. அவரைப் பற்றித் தனிப் பதிவு போட வேண்டும்.

இதெல்லாம் இந்தியாக் கதை என்று ஈழத்து நண்பர்கள் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இதைக் கையில் எடுத்தவர்கள் உண்மையிலேயே இளைஞர்கள். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கினார்கள். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. அப்போது அவருக்கு இருபத்தைந்துதான். தீண்டாமை கூடாது என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் உட்கார வேண்டும் என்ற சம ஆசனப் பிரச்சினை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிதாக வெடித்தது. சில பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். ஒரு பிள்ளை தரையிலிருந்து வாங்குக்கு ஏறுவதற்கு ஊர் கொடுத்த விலை அது.

சரி, கடல் தாண்டி வந்துவிட்டோமே, இங்கே அதெல்லாம் இல்லை என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் 2023 மார்ச் 8இல் டொரண்டோ மாவட்டப் பள்ளிச் சபை, பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்று, அதைக் கையாள ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கொண்டுவந்தவர் நம் தமிழ்ப் பெண், உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம். ஆதரவு 16, எதிர்ப்பு 5. அதற்கு முந்தைய மாதம்தான் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. கலிபோர்னியாவிலும் அந்த வருடம் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது, அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதே அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், ஏற்கெனவே உள்ள மனித உரிமைச் சட்டத்துக்குள்ளேயே சாதிப் பாகுபாடும் அடங்கும் என்று அறிவித்தது.

தீர்மானம் வந்தபோது நம் வீட்டு விருந்துகளில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள். "நம்ம பேரைக் கெடுக்கிறார்கள்" என்றுதான் நான் கேட்ட பேச்சில் பாதி. அந்தப் பாதிக்காரர்களில் சிலர் பையனுக்குப் பெண் பார்க்கும்போது முதலில் எதை விசாரிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரையும் ஏற்றுக்கொள்வோம் என்று மேடையில் அழகாகப் பேசுகிற பதினாறு வயசுப் பிள்ளைக்கு, வகுப்பில் கறுப்பினத் தோழனையோ சீனத் தோழியையோ ஏற்பதில் செலவு குறைவு. அது பள்ளியே கற்றுக்கொடுக்கிற பழக்கம். வீட்டுக்குள் அப்பாவின் கேள்விக்கு எதிரே எழுந்து நிற்பதில்தான் செலவு. கனடாக்காரப் பிள்ளை ஆனாலும் அப்பா முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு தகவல். 2008இல் நெல்லூர் மாவட்டத்துக்கு ஸ்ரீ பொட்டி ஸ்ரீராமுலு நெல்லூர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 2022 ஏப்ரல் 4இல் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது நாயுடுபேட்டை அவர் மாவட்டத்திலிருந்து விலகித் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. என் பழைய சான்றிதழ்களில் ஒரு மாவட்டம், இப்போது ஊருக்கு வேறு மாவட்டம். இங்கே ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள், மயிலாப்பூரில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அவர் உயிர் விட்ட இடத்தில் இருக்கும் நினைவில்லத்தைப் பிள்ளைகளோடு எட்டிப் பாருங்கள். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழிதான். பிள்ளைகள் யார் இவர் என்று கேட்டால் 1952இல் ஆரம்பிக்காமல் 1946இலிருந்து சொல்லுங்கள். நேரமிருந்தால் காலை ரயிலில் நெல்லூரும் போய் வரலாம். வழியில் நாயுடுபேட்டை வரும், பெரும்பாலான வண்டிகள் நிற்காது.