இலை காய்ந்த கதை

இதய நோயாளிகளுக்குத் தரப்படும் டிஜாக்சின் மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்து பெரும்பாலும் 0.25 மில்லிகிராம்தான். ஒரு மில்லிகிராமில் கால் பங்கு! அளவு குறைந்தால் பலன் இல்லை. கூடினால் வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், நாடித்துடிப்பில் தடுமாற்றம், சில சமயம் மரணம். இன்று கருவிகள் இருக்கின்றன, அளந்துவிடலாம். ஆனால் இந்த வகை மருந்து மருத்துவர்களின் கைக்கு முதலில் வந்தது வெறும் இலைப்பொடியாக. காட்டில் தானாக முளைத்த செடியின் இலையை வைத்துக்கொண்டு அளவு தவறாமல் எப்படிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, இலையைக் காயவைத்த விதத்தில் இருக்கிறது.

அந்தச் செடியின் பெயர் ஃபாக்ஸ்குளோவ். தாவரவியலில் டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா. இங்கிலாந்தின் வேலியோரங்களில் ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும். 1775ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கான ஒரு கைமருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி இரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அதில் இருந்தன. வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் மட்டும்தான் என்று விதரிங் கண்டுபிடித்தார். (அந்த மூதாட்டிக்கு 'மதர் ஹட்டன்' என்று பெயர் சொல்லும் கதைகள் நிறைய உலவுகின்றன. அந்தப் பெயர் 20ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தில் பிறந்தது. விதரிங் எந்தப் பெயரையும் எழுதவில்லை.)

கண்டுபிடித்தது சுலபம், கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதலில் இலையைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் கொடுத்தார். ஒருவருக்குச் சரியாக இருந்தது, இன்னொருவருக்குக் கடும் வாந்தி வந்தது. இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. பச்சை இலையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து என்று யாருக்குத் தெரியும்? மழைக்குப் பிறகு பறித்த இலையும் வெயிலில் வாடிய இலையும் தராசில் ஒரே எடை காட்டலாம், உள்ளே இருப்பது ஒன்றல்ல.

பத்து வருடம் மல்லுக்கட்டிய பிறகு, 1785இல் வெளியிட்ட புத்தகத்தில் விதரிங் தன் முறையைச் சொன்னார். செடி பூக்கும் சமயத்தில் மட்டும் இலையைப் பறிக்க வேண்டும். காம்பையும் நடு நரம்பையும் நீக்க வேண்டும். பிறகு வெயிலிலோ, தகரத் தட்டில் வைத்து நெருப்பின் முன்னாலோ காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தால் அழகான பச்சைப் பொடியாகும், எடை பச்சை இலையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை, தினம் இரண்டு வேளை. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்.

அந்த 'ஐந்தில் ஒரு பங்கு' என்ற கணக்கைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. தண்ணீர் போய்விட்டதா என்று தராசை வைத்தே சோதிக்க அது வழி செய்கிறது. நடு நரம்பை நீக்கச் சொன்னதும் பயனுள்ள யோசனைதான். இலைப்பரப்பு மொறுமொறுவென்று காய்ந்த பிறகும் தடித்த நரம்புக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். பாத்திரத்தில் போட்டு மூடினால் அந்த ஈரம் மற்ற இலைகளுக்கும் பரவிப் பூஞ்சை பிடிக்கும்.

விதரிங் அனுபவத்தால் அறிந்த விஷயத்துக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதிலுள்ள நொதிகள் வேலையைத் தொடர்கின்றன. மருந்தாகப் பயன்படும் கிளைக்கோசைடு மூலக்கூறுகளில் இருந்து சர்க்கரைப் பகுதிகளை அவை வெட்டி எடுக்கின்றன. ஈரம் இருக்கும்வரை இந்த வேலை நிற்காது. குவியலாகப் போட்டு மெதுவாகக் காய்ந்த இலையின் வீரியம் இப்படித்தான் தாறுமாறாகப் போகிறது. அவசரப்பட்டு அதிக வெப்பம் கொடுத்தாலும் மூலக்கூறு சிதையும். அதனால்தான் மருந்துத் தரநூல்கள் டிஜிட்டாலிஸ் இலையை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் காயவைக்கச் சொல்லின.

வேகமும் வேண்டும், சூடும் கூடாது! இந்தச் சிக்கலைத் தீர்ப்பது காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதையே 40 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 51 கிராம், அதாவது மூன்று மடங்கு. ஆகவே வெதுவெதுப்பான காற்று தாகத்தோடு இருக்கும் காற்று. ஆனால் குடித்து நிறைந்த காற்று அங்கேயே நின்றால் பயனில்லை, அது வெளியேறி அடுத்தது வர வேண்டும். அடைத்த அறையில் ஈரத்துணி காயாமல் நாற்றமெடுப்பது இதே காரணத்தால்தான். இலை உலர்த்தும் கொட்டகையில் கீழே அடுப்பு இருந்தால் மட்டும் போதாது, கூரையில் திறப்பும் அவசியம்.

இந்த அறிவு ஒரு நாட்டுக்கே தேவைப்பட்ட காலமும் வந்தது. பிரிட்டனின் வேலியோரத்தில் ஃபாக்ஸ்குளோவ் தாராளமாக வளர்ந்தாலும், உலர்ந்த மருந்துச் செடிகளில் பெரும்பகுதியை ஐரோப்பாவின் பிற நாடுகளில் இருந்து வாங்குவதே அந்நாட்டுக்கு வழக்கமாக இருந்தது. 1914இல் முதல் உலகப்போர் வந்ததும் வரத்து நின்றது. மாட் கிரீவ் என்ற பெண்மணி பக்கிங்ஹாம்ஷயரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே மூலிகை வளர்க்கவும் உலர்த்தவும் கற்றுக்கொடுத்தார். அவர் எழுதிய சிறு பிரசுரங்கள்தான் பின்னர் 1931இல் 'எ மாடர்ன் ஹெர்பல்' என்ற பெரிய நூலாயின. போர் முடிந்ததும் இறக்குமதி திரும்பியது, ஆர்வம் வற்றியது. அடுத்த போரில் மறுபடியும் அதே தட்டுப்பாடு! 1941 முதல் மாவட்ட அளவில் மூலிகைக் குழுக்கள் அமைத்தார்கள். மகளிர் சங்கத்தினரும் பள்ளிப் பிள்ளைகளும் சாரணர்களும் கூடையோடு கிளம்பினார்கள்.

பறிப்பது எளிய பகுதி. பூக்காத ஃபாக்ஸ்குளோவை காம்ஃப்ரே என்ற வேறொரு செடியோடு குழப்பிக்கொள்ள முடியும் என்பது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய தொல்லை, மூட்டை கட்டிய பச்சை இலை தானாகவே சூடேறிக் கறுக்கத் தொடங்கும் என்பது. பறித்த ஊருக்குப் பக்கத்திலேயே உலர்த்தியாக வேண்டும். கிடைத்த கொட்டகையில் மரச்சட்டங்களில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அடியில் கணப்பு மூட்டினார்கள். நரம்பை வளைத்தால் மடங்கக்கூடாது, 'டக்'கென்று ஒடிய வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவருக்கும் புரியும் சோதனை அது.

இதற்குள் இலைப்பொடியின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1930இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர் டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற இன்னொரு இனத்தின் இலையில் இருந்து டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். அதன் மூலக்கூறைச் சோதனைச்சாலையில் முழுதாகக் கட்டுவது கட்டுப்படியாகாத வேலை என்பதால், இன்றும் அந்தச் செடியை வயலில் வளர்த்து, இலையை உலர்த்தித்தான் எடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இலையில் பெருமளவில் இருப்பது டிஜாக்சின் அல்ல, லனட்டோசைடு சி. அதிலிருந்து ஒரு சர்க்கரையையும் ஒரு அசிட்டைல் தொகுதியையும் நீக்கினால்தான் டிஜாக்சின் கிடைக்கும். சர்க்கரையை வெட்டும் வேலையை யார் செய்கிறார்கள் தெரியுமா? விதரிங் காலம் தொட்டு எல்லோரும் அடக்கப் பாடுபட்ட அதே நொதிகள்தான். உலர்ந்த இலைப்பொடியை வேண்டுமென்றே நனைத்து, அவற்றைச் சிறிது நேரம் வேலை செய்ய விடுகிறார்கள்.