20 பேர்ச்சஸ் கரட் நிலமும் நட்டஈட்டுப் படிவமும்

போன கிழமை ஒரு பிள்ளையின் தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். மகளின் விஷயம் பேசி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தார். டித்வா புயலில் போன மரக்கறிக்கான நட்டஈட்டுப் படிவம். "காணி யாருக்குச் சொந்தம்னு கேட்டிருக்கே, இதுல என்னாங்க சேர் எழுதுறது?" என்றார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957 டிசம்பரில் நாட்டையே உலுக்கிய பெருவெள்ளம் வந்தது. அடுத்த வருடம், 1958 இல், இலங்கையில் பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1961 இல் அதற்கென 13 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆசியாவில் இப்படியொன்றை முந்தித் தொடங்கிய நாடுகளில் நம்முடையதும் ஒன்று, பெருமைப்படலாம். ஆனால் அது நெல்லுக்காக வந்தது. குளமும் வயலும் உள்ள ஊர்களை நினைத்து எழுதியது. 1973 இல் வேறு பயிர்களுக்கும் கால்நடைக்கும் விரிந்தது. 1999 இல் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை வந்தது.

அண்மைய ஆண்டுகளில் விவசாயி கட்டணம் கட்டாமலே காப்புறுதி கிடைக்கும் திட்டமும் வந்தது. அதில் ஆறு பயிர்கள்: நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு. கந்தப்பளையில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு தடவை வாசியுங்கள். கிழங்கு இருக்கிறது. லீக்ஸ் எங்கே? கரட், கோவா, பீட்ரூட் எங்கே? தினமும் நம்ம ஊரிலிருந்து லொறி ஏறுவது அவைதானே.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா மாவட்டத்தில் மலையே சரிந்து விழுந்தது. அதன்பின் அரசாங்கம் அறிவித்த உதவியில் மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 200,000 ரூபாய் என்று வந்தது. நல்ல விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வாத்தியார் பழக்கம். ஏக்கருக்கு ஏறத்தாழ 81,000. அந்தத் தகப்பனிடம் இருப்பது லயத்துக்குப் பின்னால் 20 பேர்ச்சஸ். பத்தாயிரம் ரூபாய் சொச்சம் வரும். விதைக்கும் உரத்துக்குமே காணாது.

அந்தப் பத்தாயிரத்துக்கும் காணி உரிமை கேட்கிறார்கள். அவர் என்ன எழுதுவார்? 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. லயத்தில் இருந்தவருக்குக் காணி வரவில்லை. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, அப்போதும் வரவில்லை. 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபை தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கவே தடை இருந்தது. மண்ணைக் கொத்திப் பண்படுத்தி மூன்று தலைமுறை பயிர் செய்தாயிற்று. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மரக்கறி விலை ஏறும்போது "நுவரெலியாக்காரன் கொள்ளை அடிக்கிறான்" என்று எழுதுகிற நண்பர்களும் என் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் யோசித்து, "தோட்டக் காணி, பயிர் என்னுடையது" என்று எழுதினோம். அவர் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரையும் விட்டுவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "பார்த்துச் சொல்றோம்" என்றார்களாம்.