தெருவிளக்கு விதிகளும் இரவு வானமும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

தெருவுக்கு விளக்கேற்றுவது தமிழகத்தில் உள்ளாட்சியின் சட்டக் கடமை. விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் நெடுங்காலம் இயங்கிய 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அப்பொறுப்பை நகர்மன்றத்திடம் ஒப்படைத்தது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் 110ஆம் பிரிவில் கிராம ஊராட்சிகளையும் அதற்கு உட்படுத்தியது. இரண்டுமே இருளை நீக்கச் சொன்ன சட்டங்கள். ஒளி எங்கே போகக் கூடாது என்று அவை பேசவில்லை. முதல் சட்டம் வந்த சீமெண்ணெய் விளக்குக் காலத்தில் அக்கேள்வி எழ வழியும் இல்லை.

ஒளியின் திசை முதலில் தலைகாட்டியது பொறியியல் தரத்தில்தான். பொதுச்சாலை விளக்குகளுக்கான ஐ.எஸ். 1944 என்னும் இந்தியத் தரம் (1970) முதன்மைச் சாலைக்கு 30 லக்ஸ், சிறு தெருவுக்கு 4 லக்ஸ் என வெளிச்ச அளவுகளை வகுத்தது. கிடைமட்டத்தை ஒட்டிச் சிதறும் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதை வைத்து விளக்குகளையும் வகைப்படுத்தியது. ஓட்டுநரின் கண் கூசக் கூடாது என்பதே அதன் நோக்கம்; வானம் அங்கே கணக்கில் இல்லை. ஆயினும் ஒளி மாசைத் தடுக்கும் கருவி அந்த ஏட்டில் அன்றே இருந்தது. நடைமுறையில் விளக்கின் கை மேல்நோக்கிச் சாய்த்து மாட்டப்படும்போது, அந்த மறைப்பும் வீணாகிறது.

1993இல் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமானது. டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் தொடங்கியது. அந்நிதியிலும் சட்டமன்ற உறுப்பினர் நிதியிலும் கூட்டுச்சாலைதோறும் உயர்மின் கோபுர விளக்குகள் எழுந்தன. கல்வெட்டில் பெயர் பொறிக்க ஏற்ற பணி என்பதாலும் அவை பெருகின என்றால் மிகையில்லை. 2015 ஜனவரி 5இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் எல்.இ.டி. மாற்றத்தை நாடெங்கும் விரைவுபடுத்தியது. மின்கட்டணம் குறைந்தது. மஞ்சள் சோடியம் விளக்கின் இடத்துக்கு வந்ததோ பெரும்பாலும் நீலம் மிகுந்த வெள்ளொளி. 450 நானோமீட்டர் நீல ஒளி, 590 நானோமீட்டர் மஞ்சளைவிடக் காற்று மூலக்கூறுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும்.

இப்பகுதியில் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்த இந்த உவர்நீர்நிலை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. குளிர்காலத்தில் இங்கு வரும் வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை. திண்டிவனத்திலிருந்து இது ஏறத்தாழ 25 கி.மீ. நகர ஒளியால் வானம் எவ்வளவு வெளிறும் என மதிப்பிட வானியலாளர் வாக்கர் 1977இல் வெளியிட்ட வாய்பாட்டில் நகரின் 2011 மக்கள்தொகையான சுமார் 73,000ஐ இட்டால், நகரின் திசையில் அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவே வானம் இயற்கை அளவைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதலாக ஒளிரும். வாய்பாடு அமெரிக்க நகரங்களுக்கானது. விளக்கு குறைந்த ஊரில் மதிப்பும் குறையும். ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியிருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு விழுப்புரத்தால் வரும் பாதிப்பு, இதே கணக்கில், 1 சதவீதமே.

ஒளி மாசைத் தடுக்க அமெரிக்காவில் பிளாக்ஸ்டாஃப் நகரம் 1958இலேயே தேடுவிளக்குகளைத் தடைசெய்தது. அங்கு விதி விளக்கை நோக்கியது. பிற்காலச் சட்டங்கள் பணத்தை நோக்கின. டெக்சாஸ் 1999இல், மாநில நிதியில் பொருத்தும் விளக்கு 1,800 லூமெனுக்கு மேற்பட்டால் மறைப்புடையதாக இருக்க வேண்டும் என்றது. தேவைக்கு மிஞ்சிய வெளிச்சத்தையும் தடுத்தது. ஆர்கன்சாஸ் 2005இல் அவ்வழியில் சென்றது. தனியார் வீட்டு முற்றத்தில் அதிகாரி நுழைய வேண்டியதில்லை என்பதே இந்த அணுகுமுறையின் பலம்.

இந்தியாவில் 2022இல் லடாக்கின் ஹான்லே இருள்வானக் காப்பகமானது. ஆனால் அது ஆளரவம் குறைந்த மலைநிலத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு. நெடுஞ்சாலை ஊடறுக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பொருந்துவது நிதிவழி விதியே. இங்கு சாலையோர ஒளியில் பெரும்பங்கு பொதுப்பணத்தில் எரிகிறது. முழு மறைப்பு, கிடைமட்டப் பொருத்தல், 3,000 கெல்வினுக்கு மிகாத நிற வெப்பநிலை, நள்ளிரவுக்குப் பின் மங்கச் செய்தல் ஆகிய நிபந்தனைகளைக் கொள்முதல் செய்யும் அமைப்பே ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.