திலாப்பியா எப்படி ஜிலேபி ஆனது

ஏரிக்கரையில் தூண்டில் போடப் புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் இந்த மீன்தான். உள்ளங்கை அகலம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். முள்ளைக் கழற்றப் போனால் முதுகுத் துடுப்பு விரலில் நறுக்கென்று குத்தும். என்ன மீன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வரும்: "ஜிலேபி."

கேட்டவருக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் படும். மிட்டாய்க் கடைப் பெயர் மீனுக்கு எப்படி வந்தது? சதை இனிக்கும், அதனால் ஜிலேபி என்பார் ஒருவர். செதில் வளையம் வளையமாக இருக்கிறதே என்பார் இன்னொருவர். பெயர் நிலைத்த பிறகு அதற்குக் காரணம் தேடுவது நமக்குக் கைவந்த கலை. உண்மையில் அந்தப் பலகாரத்துக்கும் இந்த மீனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி மட்டும்தான் இரண்டையும் சேர்த்து வைத்தது.

மீனின் ஆங்கிலப் பெயர் திலாப்பியா. அந்தப் பெயரை உண்டாக்கியவர் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பட்டாளத்து மருத்துவர், விலங்கியலாளர். 1834 முதல் 1836 வரை தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில் ஒரு பயணக் குழுவை நடத்திப் போனவர். திரும்பி வந்து அந்நாட்டு விலங்குகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில், 1840-ல், ஒரு நன்னீர் மீன் பேரினத்துக்குத் திலாப்பியா என்று பெயரிட்டார். அங்குள்ள ட்ஸ்வானா மக்களின் மொழியில் 'ட்லாப்பி' என்றால் மீன். அதற்கு லத்தீன் வால் ஒன்றை ஒட்டவைத்தார், அவ்வளவுதான். அந்த மக்களில் ஒரு பிரிவினருக்கே பட்லாப்பிங் என்று பெயர்: மீனைக் குலச்சின்னமாகக் கொண்டவர்கள். ஆக, நம் ஊரில் 'ஜிலேபி மீன்' என்பவர் தம்மையறியாமல் 'மீன் மீன்' என்கிறார்.

நம் ஏரிகளில் நிறைந்திருக்கும் வகையை ஸ்மித் பார்த்து எழுதவில்லை. அது மொசாம்பிக் நாட்டு ஆறுகளுக்கு உரியது. வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1852-ல் விவரித்து, மொசாம்பிக்கஸ் என்று அடைமொழி கொடுத்தார்.

ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியதும் இந்த மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் சேர்ந்தது. 1939-ல் கிழக்கு ஜாவாவின் பிளிட்டார் பகுதிக் கடலோரக் கழிமுகம் ஒன்றில் முஜாயிர் என்பவர் இதைக் கண்டெடுத்து, நன்னீரில் வளர்க்கப் பழக்கினார். இந்தோனேசியாவில் இன்றும் இதற்கு முஜாயிர் என்றே பெயர். போர்க்காலத்தில் ஜப்பானியர் வழியாக மலாயாவுக்குப் பரவியதால் அங்கே ஜப்பான் மீன் ஆனது. 1946-ல் சிங்கப்பூரிலிருந்து வூ, குவோ என்ற இருவர் குஞ்சுகளைத் தைவானுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அதன் பெயர் வூ-குவோ மீன். கொண்டுவந்தவர் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். நாமோ காதில் விழுந்ததை வைத்துக்கொண்டோம்.

இந்தியாவுக்கு இது 1952-ல் வந்தது. வந்த வழிகளில் ஒன்று இலங்கை. தீனிக்கு அலையாது, எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், விறுவிறுவென்று பெருகும்: ஏழைக்கு மலிவான புரதம் என்று நம்பித்தான் விட்டார்கள். அந்தப் பெருக்கமே வினையாயிற்று. சிறிதாக இருக்கும்போதே சினைப்பிடித்து, குளம் கொள்ளாமல் பெருகி, வளர்ச்சி குன்றி, கெண்டை வகைகளின் தீனியிலும் பங்குக்கு வந்தது. 1959-ல் இதைப் புதிதாகப் பரப்பக்கூடாது என்று தடை வந்தது. அதற்குள் மீன் ஏரிகளிலும் அணைகளிலும் குடியேறிவிட்டது, பெயரும் அப்படித்தான்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை 'திலாப்பியா' என்றும் சொல்வார்கள், 'திலேப்பியா' என்றும் சொல்வார்கள். நம் மீன்வளத் துறை எழுதுவது திலேப்பியா. ஜிலேபியில் உள்ள 'லே' அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். அதற்குப் பலகாரம் தேவையில்லை. அடுத்து 'பி'. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே பகரம் ஒற்றையாக நின்றால் மெலிந்து ஒலிக்கும்: மரபு. இரட்டித்தால் வலிக்கும்: உப்பு. 'திலேபியா' என்று ஒற்றைப் பகரத்தோடு வாயில் புழங்கினாலே போதும், தானாக மெலிந்துவிடும். கேரளத்தில் இரட்டைப் பகரத்தைக் கைவிடவில்லை; அதனால்தான் அங்கே இது திலோப்பியா, சிலோப்பி, பிலோப்பி என்றெல்லாம் திரிந்தும் ஜிலேபி ஆகவில்லை. வால் பக்கத்து 'யா' பேச்சில் உதிர்ந்துபோக எத்தனை நாள் ஆகும்? மிஞ்சியது 'திலேபி'. இந்த இடத்தில்தான் இனிப்பு உள்ளே நுழைகிறது. பொருள் விளங்காத ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்து தள்ளி, நாக்குக்குப் பழகிய சொல் ஒன்று காத்திருந்தால், பேச்சு அங்கே போய்த்தான் உட்காரும். சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் பாலமாகி, அதை யாரோ திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று பலகை வைத்த கதை பலருக்குத் தெரியும். இன்று அது அம்பேத்கர் பாலம்.

பலகாரத்தின் பெயரும் நம் சொல் அன்று. அரபியில் சலாபியா, பாரசீகத்தில் சுல்பியா. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கச் சொல் ஒன்றும் மேற்காசியச் சொல் ஒன்றும் தமிழ் மீன் சந்தையில் சந்தித்து ஒன்றாகிவிட்டன. கொச்சை, திருத்த வேண்டும் என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் ஒலிமுறைக்கு அடங்கி, கன்னடம் வரை புழங்கும் பெயர் இது. அதைத் தள்ளிவிட்டுத் திலாப்பியா என்று எழுதினால் மட்டும் என்ன சுத்தம் வந்துவிடும்? அறிவியலே அந்தப் பெயரை இந்த மீனிடமிருந்து பறித்துவிட்டது. எத்தல்வின் ட்ரேவாவஸ் என்ற அம்மையார் 1983-ல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பிறகு, தாய் வாயில் முட்டையை அடைகாக்கும் வகைகள் ஓரியோக்ரோமிஸ் என்ற பேரினத்தில் உறுதியாகிவிட்டன. நம் ஜிலேபி அந்த வகை. வலையில் அகப்பட்ட தாய்மீன் வாய் பிளந்தால் சில சமயம் பொடிக் குஞ்சுகள் சிதறி விழும்.

திருத்த வேண்டியது ஒன்று உண்டென்றால் பெயரின் பின்பாதிதான். ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, இது கெண்டையே இல்லை. வெளியிலிருந்து வந்த வளர்ப்பு மீன்களைப் புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை என்று அழைத்த பழக்கத்தில் இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அவை உண்மையான கெண்டைக் குடும்பம். இது சிக்லிட் குடும்பம், கேரளத்துக் கரிமீனுக்குப் பங்காளி. கையில் இருக்கும்போதே சோதிக்கலாம். கெண்டைக்கு மூக்குத் துளை பக்கத்துக்கு இரண்டு. ஜிலேபிக்கு ஒன்றே ஒன்று. கெண்டையின் தாடையில் பல் கிடையாது. ஜிலேபியின் உதட்டுக்குள் விரல் நுனியை ஓட்டினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோட்டையும் பாருங்கள். கெண்டையில் அது செவுளிலிருந்து வால் வரை அறுபடாமல் போகும். ஜிலேபியில் பாதி தூரம் மேலே ஓடி நின்று, சில செதில் கீழே இறங்கி மறுபடி தொடங்கும்.

எந்த ஜிலேபி என்பது அடுத்த கேள்வி. 1988-ல் பிலிப்பைன்ஸில் நைல் வகையை வைத்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் வந்ததுதான் இன்று பண்ணைகளில் வளரும் 'கிப்ட் திலேப்பியா'. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் அரசே அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. வால் துடுப்பில் செங்குத்தாக வரிவரியாகக் கோடுகள் இருந்தால் நைல் வகை. கோடில்லாமல், உடம்பு கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்திருந்தால் இனப்பெருக்கக் காலத்து மொசாம்பிக் ஆண். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கக்கூடியவை என்பதால், சில ஏரிகளில் வாலைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. கரையில் இருப்பவர்களுக்கு அந்த வம்பே இல்லை, எல்லாமே ஜிலேபிதான்.