சாணையும் குருந்தமும்: கல்லைத் தேய்த்த பொடியின் கதை

கல்லுக்குப் பட்டை தீட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு கேள்வி தப்பாமல் வரும்: “வீட்டிலேயே ஒரு சாணை மெஷின் செய்ய முடியுமா?” முடியும். முதலில் அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போவோம்.

இந்த மெஷினுக்கு ‘ஃப்ளாட் லேப்’ என்று பேர். கிராமபோன் தட்டு மாதிரி படுத்தவாக்கில் சுற்றும் ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கல்லைக் கையால் தட்டின் மேல் அழுத்திப் பிடிக்கணும். கால் ஹெச்.பி. மோட்டார் போதும். சாதாரண மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும். மோட்டாரில் 2 அங்குல புல்லி, தட்டின் தண்டில் 4 அங்குல புல்லி போட்டு பெல்ட் மாட்டினால் அது 720 ஆகிவிடும். 8 அங்குலத் தட்டு என்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் ஓடும். நடுவை நோக்கிப் பாதி தூரம் வந்தால் வேகமும் பாதி. அதனால் கடுமையாகத் தேய்க்க விளிம்பு, நிதானமாகத் தேய்க்க உள்பக்கம். மதுரையில் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் தண்டும் பேரிங்கும் சேர்த்துச் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஆனா ஒண்ணு. மெஷின் கல்லைத் தேய்க்காது. தேய்க்கிறது பொடி. தட்டு அந்தப் பொடியைச் சுமந்துக்கிட்டு சுத்துது, அவ்வளவுதான். மெஷின் எத்தனையோ தடவை மாறிவிட்டது. பொடியைப் பற்றிய அறிவுதான் இந்தத் தொழிலின் உண்மையான வரலாறு. அந்த வரலாற்றில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு இருக்கு.

மதுரைக்காஞ்சியில் அந்தக் காலத்து மதுரையின் கைவினைஞர்கள் வரிசையாக வருகிறார்கள். சங்கை அறுத்து வளையல் கடைபவர்களும், மணிகளில் துளையிடுபவர்களும் அதில் உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய பிறகு, சூதுபவள மணிகளும் அகேட் மணிகளும் கிடைத்தன. இந்தக் கற்கள் வைகைக் கரையில் விளைகிறவை இல்லை. குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து.

மணி செய்த பட்டறையையே பார்க்கணும்னா கொங்கு நாட்டுக்குப் போகணும். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. குவார்ட்ஸ், பெரில், நீலக்கல், சூதுபவளம் எல்லாம் வேலையின் பல நிலைகளில் அங்கே கிடைத்தன. உடைத்த சில்லு, பாதி உருட்டியது, துளை போடாதது, முழுசாக முடிந்தது என்று எல்லாமே உண்டு. அதே வட்டாரத்து அரச்சலூர்க் குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் தரம் பார்க்கிறவன். மணிகளின் தரம் பார்ப்பதே ஒரு தொழிலாக இருந்திருக்கிறது.

இப்போ கேள்வி: இவ்வளவு கெட்டியான கல்லை எதை வைத்துத் தேய்ப்பது? குவார்ட்ஸின் கடினம் 7. கண்ணாடியையே கீறிவிடும். அதே குவார்ட்ஸ் மணலால் தேய்க்கலாம், ஆனால் நாள்கணக்கில் ஆகும். சீக்கிரம் முடியணும்னா அதைவிடக் கெட்டியான பொடி வேண்டும். வைரத்துக்கு அடுத்தபடி இயற்கையில் தாராளமாகக் கிடைப்பது கடினம் 9 உள்ள ஒரு கல். அதுக்கு நம்ம ஊர்ப் பேர் குருந்தம். சேலம் பக்கமும், காங்கயத்தை ஒட்டிய சிவன்மலை வட்டாரத்திலும் அது கிடைக்கிறது. சிவன்மலைப் பாறைகளைப் பற்றி தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1901-இல் தனி நூலே எழுதியிருக்கிறார்.

நம்ம ஊர்ப் பழைய சாணையும் இந்தப் பொடியில் செய்ததுதான். குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக வார்ப்பார்கள். அதை ஒரு தண்டில் பொருத்தி, வில்லில் கட்டிய கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துச் சுற்றுவார்கள். மோட்டாரை மட்டும் சேர்த்தால் இன்றைய மெஷின்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் கலந்து சிவப்பாக ஒளி ஊடுருவும்படி இருந்தால் அது மாணிக்கம். கண்ணகியின் சிலம்பில் இருந்த பரலும், சாணைக்காரர் இடித்த பொடியும் ஒரே கனிமம்தான். ஒன்றுக்காக மதுரையே எரிந்தது. இன்னொன்றை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஐரோப்பாவில் கண்டுகொண்டார்கள். 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்ற சொல் நிலைத்தது. தமிழின் குருந்தமும் தெலுங்கின் குருவிந்தமும்தான் அதற்கு மூலம் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் சூடாக்கினார். வைரம் வரவில்லை, வேறொரு கெட்டியான படிகம் வந்தது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பேர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, அதில் குருந்தம் துளிகூட இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. இன்னிக்கு நாம ஹார்டுவேர் கடையில் போய் “கார்போரண்டம் பவுடர் இருக்கா?” என்று கேட்கிறோம் இல்லையா, உலகம் சுற்றிவிட்டு வந்த தமிழ்ச் சொல்லைத்தான் கேட்கிறோம்.

அந்தப் பொடியை நம்பர் பார்த்து வாங்கணும். 80, 220, 600, 1200 என்று போகும். ஒரு அங்குலச் சல்லடையில் எத்தனை கண் என்பதிலிருந்து வந்த கணக்கு இது. நம்பர் கூடக்கூடப் பொடி மெல்லிசாகும். கடைசியில் கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கல்லையும் தட்டையும் கையையும் நன்றாகக் கழுவணும். 80 நம்பரின் ஒரே ஒரு துகள் 1200-இல் தங்கினாலும் மொத்த வேலையும் போச்சு.

கடைசியாக, தண்ணீர். சூடு தணிக்க மட்டும் அது இல்லை. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அகேட் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே உலர் சாணையில் வேலை. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோய் வருகிறது. தொழிலாளிகளுக்கு மட்டுமல்ல, கல்லையே தொடாத அக்கம்பக்கத்தாருக்கும் வந்திருக்கிறது. அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் வீட்டுப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை.

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. வீட்டில் மெஷின் செய்கிறவர்கள் முதல் தடவை சுவிட்சைப் போடும் முன்பே தண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கணும். சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். அதனால் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிடுங்க. தண்ணீர் பக்கத்தில் மோட்டார் இருப்பதால் எர்த் இணைப்பு கட்டாயம். கீழடி மணிகள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் பளபளப்பாக இருக்கின்றன. அவற்றைத் தேய்த்தவர்களின் நுரையீரல் எப்படி இருந்தது என்று எந்த அகழாய்வும் சொல்லாது. நம்ம காலத்தில் அது நமக்குத் தெரியும், தடுக்கவும் தெரியும்.